தங்கிவிட்டவனுக்கு ஓர் ஒப்பாரி

மெலின்னாவுக்குக் குரல் மட்டும்தான் சீதனம் என்று அவள் கல்யாணத்தன்று ஊரே கேலி பேசியது. பேசினால் பேசட்டும். ஸ்கோம்ப்ராவில் ஒரு குரலுக்குக் கிடைக்கிற மரியாதை ஒன்பது படகு வைத்திருப்பவனுக்குக்கூடக் கிடையாது. கிரேக்கத்துக்கு வடக்கே, திரேசியக் கரையில் சூரை மீன் பிடித்து, உப்புப் போட்டு, தாழியில் அடைத்து விற்றுப் பிழைக்கிற ஊர் எங்கள் ஊர். மீன் நாற்றம் எங்களுக்குத் தெரியாது, வருகிறவர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள்.

கோயிலில் மாட்டைப் பலி கொடுக்கும்போது, கோடாலி இறங்குகிற அந்த நொடியில் பெண்கள் குலவையிட வேண்டும். முதல் குரல் மெலின்னாவின் தாய்வழிப் பெண்களுடையது. ஏழு தலைமுறையாக அப்படித்தான். அவர்கள் எடுக்காமல் வேறு எவளும் வாயைத் திறக்க மாட்டாள், கோடாலிக்காரனும் கையை இறக்க மாட்டான். எடுத்துவிட்டால் தானாக முடிகிற வரை அதை யாரும் நிறுத்தக் கூடாது. பாதியில் அறுத்தால் பலி கெட்டது, ஊருக்கே ஆகாது.

அதே வீட்டுக்காரிகள்தான் சாவுக்கு ஒப்பாரியும் எடுப்பார்கள். இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட குரல் கிளம்பி மேலே மேலே ஏறும். உச்சியில் நாக்கு சுழன்றால் அது குலவை, கோடாலி அப்போதுதான் இறங்கும். உச்சியில் உடைந்து சரிந்தால் ஒப்பாரி. அந்த உச்சி வருகிற வரை எது என்று எங்களுக்கே தெரியாது, வெளியூர்க்காரனுக்கு எங்கே தெரியப் போகிறது? பெண் பார்க்க வந்த வெளியூர் மாப்பிள்ளைகள், குலவை கேட்டு, யாரோ செத்துப்போனார்கள் என்று வாசலிலேயே நின்ற கதை இங்கே நிறைய உண்டு.

மெலின்னாவைக் கட்டியவன் டோரியோன். மீன் கூட்டம் வருகிறதா என்று கடலோரக் கோபுரத்தில் உட்கார்ந்து பார்த்துக் கத்துகிற வேலை அவனுக்கு. "அவன் கத்துனா மீனு வரும், இவ கத்துனா சாமி வரும், வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் கத்துனா என்ன வரும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பாள் அடுத்த வீட்டுக் கோக்கலே. மூன்று வருடம் அப்படிக் கத்தியும் சிரித்தும் வாழ்ந்தார்கள். அவளுக்கு இருபது வயதில் ஹிப்பாண்டரின் ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆண்.

ஹிப்பாண்டரைத் தெரியாதவர்கள் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. மேற்கு மலைநாட்டில் ஒரு சின்ன அரசனின் இளைய மகன். முப்பது வயதுக்குள் கிரேக்கம் முழுவதையும் சுருட்டினான், பாரசீகத்தைப் பிடித்தான், கார்த்தேஜின் கப்பல்களைக் கொளுத்தினான். தனக்குத்தானே ஒரு பட்டம் வைத்துக்கொண்டான்: தோல்வியறியாதவன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தோல்வியே இல்லாதவன் படையில் சாவு மட்டும் எப்படி வரும்? அதனால் ஒரு சட்டம் போட்டான். அவன் படையில் போனவர்கள் யாரும் சாவதில்லை. வென்ற நிலத்திலேயே வீடு வாசலோடு தங்கிவிடுகிறார்கள். திரும்பி வராதவன் பெயருக்கு நேரே பட்டியலில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்கள்: தங்கினான்.

எங்கள் ஊரில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கினார்கள். நல்ல தங்கல்!

டோரியோன் எங்கே தங்கினான் என்பதை மெலின்னாவுக்குச் சொன்னவன் அவனோடு போன மோஸ்கியோன். நாலு வருடம் கழித்து, குளிரில் செத்துப்போன காலை வெட்டி எடுத்த பிறகு, ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான். அவன் நேராகத் தன் வீட்டுக்குப் போகவில்லை. உப்புத் தாழிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவளிடம் வந்து டோரியோனின் மீன் வெட்டும் கத்தியை நீட்டினான்.

"இஸ்தர் ஆத்த தாண்டச் சொன்னான்மா. உறைஞ்சு கெடந்துச்சு. பனி தாங்காதுன்னு டோரியோன் சொன்னான். தண்ணியப் பாத்தே வளந்தவன்ல, அவனுக்குத் தெரியாதா? ராசா கேக்கல. பாதி ஆத்துல பனி ஒடஞ்சிருச்சு. தொள்ளாயிரம் பேரு. நான் கரையில நின்னேன். அவன் கை மட்டும் ஒரு தடவ மேல வந்துச்சு."

அவள் கத்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாவு விழுந்த வீட்டில் செய்ய வேண்டிய முதல் காரியத்தைச் செய்தாள். சாவு வீட்டுத் தண்ணீர் ஆகாது என்பதால் சாவு விழாத ஒரு வீட்டிலிருந்து ஒரு பானைத் தண்ணீர் வாங்கி வாசலில் வைத்தாள். துக்கம் கேட்டு வருகிறவர்கள் வெளியே போகும்போது அதில் கை நனைத்துக்கொண்டுதான் போவார்கள். இங்கே மட்டுமல்ல, மலைநாடு வரைக்கும் இதுதான் வழக்கம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் செய்வது.

பொழுது சாய்வதற்குள், ஹிப்பாண்டர் ஊரில் வைத்திருந்த காவல்படைக்காரர்கள் வந்து பானையை உடைத்தார்கள். "தங்கினவனுக்கு எதுக்குடி பானை?" என்று கேட்டு, துக்கத்துக்காக அவள் வெட்டி வைத்திருந்த கூந்தலை எடுத்துத் தெருவில் வீசினார்கள். செத்த புருசனுக்குக் கல் நட்ட இன்னொருத்தியைச் சந்தையில் நிற்க வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். அத்தோடு ஊர் அடங்கிப்போனது.

மெலின்னா அடங்கினாளா என்றால், வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். ஒப்பாரி வைத்து அனுப்பாத உயிர் கீழுலகத்து ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போகாது, ஆற்றங்கரையிலேயே அலையும் என்பது எங்கள் நம்பிக்கை. "ஏற்கெனவே ஒரு ஆத்துல போனவன். இன்னொரு ஆத்தங்கரையிலயும் அவன நிக்க வைக்கணுமா?" என்று கோக்கலேயிடம் கேட்டாள். அவனுக்கு ஒப்பாரி வைக்கிற வரைக்கும் வேறு எவருக்கும் குலவை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வருடம் போடவில்லை. கல்யாணங்கள் குலவை இல்லாமல் நடந்தன. கோயிலில் மாட்டுக்குப் பதில் தேனும் அப்பமும் வைத்து ஒப்பேற்றினார்கள். இறைச்சி கிடைக்காத ஆண்கள் அவளைப் பார்த்து முணுமுணுத்தார்கள். "மீனத் தின்னுங்கடா, ஊரு முழுக்க அதான கெடக்கு" என்று அவள் தாழியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஹிப்பாண்டர் வருகிறான் என்ற செய்தி வந்தது. சும்மா வரவில்லை. கடவுளாகி வருகிறான். வழியிலுள்ள ஊர் ஒவ்வொன்றும் கோயிலில் சாமி இருக்கிற இடத்தில் அவனை நிறுத்தி, மாடு வெட்டி, கடவுளுக்குச் செய்கிற முறை ஒன்றுகூடக் குறையாமல் செய்ய வேண்டும் என்று ஆணை.

ஊர்த்தலைவர் எவானோர் மெலின்னாவின் தாய்மாமன். நல்ல மனிதர்தான், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் இளகியது. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு உப்புக் கொட்டகைக்கு வந்தார். சொந்த ஊர்க்காரர் மூக்கைப் பொத்தினால் கேட்கக் கூடாததைக் கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"மெலின்னா, மாமாவுக்காக ஒரு தடவ போட்டுரு தாயி."

"உங்களுக்குன்னா நாளைக்கே போடுறேன் மாமா. அவனுக்கு எதுக்குப் போடணும்?"

"சத்தம் போடாத! குலவ இல்லாம பலி நிக்காது. பலி நிக்கலேன்னா ஊரு நிக்காது. போன மாசம் ஒரு ஊருல பாட்டு சரியில்லேன்னு மதில இடிச்சுட்டான்."

"சரி. நான் போடுறேன். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டோரியோன் எங்க?"

எவானோர் கொட்டகை வாசலைப் பார்த்தார். அங்கே காவல்காரன் ஒருவன் ஆலிவ் தின்று கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"அவன்... அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சதச் சொல்றதுக்கு என்ன? ஒரே வார்த்த. செத்தான்னு சொல்லுங்க. உங்க தோள்ல ஏறி வெளையாண்ட பய மாமா அவன்."

அவர் வாயைத் திறந்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. கடைசியில் வெளியே வந்தது, "தங்கிட்டான்" என்பதுதான். சொல்லிவிட்டு அவராலேயே அதைத் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெலின்னாவுக்கு அவர்மேல் வந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கோபப்பட வேண்டிய ஆள் இவரில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"போங்க மாமா. நான் வர்றேன்" என்றாள்.

கோக்கலேக்கு இது பிடிக்கவில்லை. அவள் மகன் ஒருவனும் இஸ்தரில்தான் தங்கியிருந்தான். சூரையின் வயிற்றைக் கீறிக்கொண்டே திட்டினாள்.

"ஒம்பது வருசமா வாய மூடிட்டு, போயும் போயும் அவனுக்கா தெறக்கப் போற? தூ!"

"தெறக்கப் போறேன். எப்படி முடிக்கப் போறேன்னு நீ கேக்கவே இல்லியே."

கோக்கலேயின் கத்தி நின்றது. "அடிப் பாவி," என்றாள். பிறகு மெதுவாக, "ஒன்னக் கொன்னுருவான்டி" என்றாள்.

"கொல்ல மாட்டான். நானும் எங்கயாவது தங்கிருவேன்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கோக்கலே மீன் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புப் பட்டு எரிகிறது என்று மீனைத் திட்டினாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் தண்ணீர்க் குடத்தோடு பல வீடுகளுக்குப் போய் வந்தாள். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்ணைக் காவல்காரன் எவன் சந்தேகப்படுவான்?

ஹிப்பாண்டர் காலையில் வந்து இறங்கினான். ஆறடிக்கு மேல் என்று சொல்லியிருந்தார்கள். மெலின்னாவைவிட நாலு விரல்தான் உயரம். வெயிலில் கருகிய முகம், இடது கையில் இரண்டு விரல் இல்லை. மூக்கைப் பொத்தாமல் நடந்து வந்தான், அதை மட்டும் அவள் மரியாதையாகவே குறித்துக்கொண்டாள். பலிபீடத்துக்குப் பின்னால் கடவுள் சிலை நிற்கிற இடத்தில் அவனை நிறுத்தினார்கள். சிலையைத் துணி போட்டு மூடி ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். வெள்ளை எருது, கொம்பில் பூமாலை. எவானோர் அதன் தலையில் தண்ணீரும் வாற்கோதுமையும் தூவினார். கோடாலிக்காரன் கையை ஓங்கி, மெலின்னாவைப் பார்த்தான்.

அவள் எடுத்தாள்.

ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த குரல். துருப்பிடித்திருக்கும் என்று பயந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் மதில் தாண்டி, கூரைகள் தாண்டி, டோரியோன் உட்கார்ந்து கத்திய கோபுரம் வரைக்கும் அது ஏறியது. இருநூறு பெண்கள் கூடவே ஏறினார்கள். ஹிப்பாண்டர் முகம் மலர்ந்துபோய், படையலை ஏற்றுக்கொண்டேன் என்பதற்குக் கடவுள் சிலைகள் காட்டுவதுபோல வலது கையை உயர்த்தினான். எவானோர் அப்பாடா என்று கண்ணை மூடினார்.

உச்சியில் குரல் உடைந்தது.

உடைந்து, சரிந்து, தரைக்கு வந்தது. இருநூறு பெண்களும் அவளோடு சரிந்தார்கள். கோடாலிக்காரன் மாட்டைத் தொடாமல் கோடாலியைக் கீழே வைத்தான். மெலின்னா தலைமுக்காட்டைத் தள்ளி, இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்து, கூந்தலை ஒரே வெட்டாக அறுத்துப் பீடத்தில் போட்டாள். "தண்ணியத் தெரிஞ்சவனே, பனியில போனியே, என் டோரியோனே" என்று ஒரு கையைப் பீடத்தில் ஊன்றி, மறு கையால் மார்பில் அறைந்துகொண்டாள். அடுத்து கோக்கலே தன் மகன் பெயரைச் சொன்னாள். அடுத்தவள் அண்ணன் பெயரை. ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து விழுந்து எழுந்தார்கள். சவுக்கடி பட்டவளின் குரல் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

"நிறுத்தச் சொல்லு!" என்றான் ஹிப்பாண்டர்.

"பாதியில நிறுத்தக் கூடாது மகாராசா. பலி கெட்டுரும்," என்றார் எவானோர். அவர் வாழ்நாளில் முதன்முறையாக அவர் குரல் நடுங்கவில்லை. வீரர்கள் ஈட்டியைப் பிடித்தபடி நின்றார்கள். பலிபீடத்தில் கை வைத்தவள் சாமிக்கு அடைக்கலம், அவளைத் தொட அவர்களில் ஒருவனுக்கும் துணிவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குச் சேர்ந்து அழ வேண்டும்போல இருந்தது என்று பின்னால் அவர்களே சொன்னார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெயரும் முடிந்த பிறகுதான் ஒப்பாரி நின்றது. நிழல் பீடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது.

"யாருக்கு இது?" என்றான் ஹிப்பாண்டர். கத்தவில்லை. களைத்துப்போன குரல்.

"என் புருசன் டோரியோனுக்கு. இஸ்தர் ஆத்துல செத்தவனுக்கு."

"அவன் அங்கே தங்கியிருக்கிறான். யாரும் சாகவில்லை."

"அப்ப நீங்க ஏன் வேர்த்துப்போய் நிக்கிறீங்க மகாராசா? யாரும் சாகலேன்னா இது ஒப்பாரி இல்ல, வெறும் பாட்டு. இருந்து பலிய வாங்கிக்கிட்டுப் போங்க. மாடு ரொம்ப நேரமாக் காத்துட்டு நிக்குது."

கூட்டம் முழுவதும் அவன் கால்களையே பார்த்தது. ஏனென்றால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சாவு விழுந்த இடத்தில் கடவுள் நிற்க மாட்டார். ஒப்பாரி கேட்டால் எழுந்து போய்விடுவார். சாவுத் தீட்டுக் கடவுளுக்கு ஆகாது. இவன் நின்றால் கடவுள் இல்லை, வெறும் மலைநாட்டு மனிதன். போனால் இங்கே சாவு விழுந்தது உண்மை. இருபது தேசத்தைப் பிடித்தவன், மீன் நாற்றமடிக்கிற ஒருத்தி முன்னால் இரண்டு கதவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றான்.

அவனுக்கு எது பெரிது என்று ஊர் அன்றைக்குப் பார்த்தது. முகத்தைத் திருப்பினான். படியிறங்கினான். நேராகக் கப்பலுக்கு நடந்தான்.

கடவுளாகவே போனான், போகட்டும்! மெலின்னாவுக்கு அவன் கடவுளானால் என்ன, கழுதையானால் என்ன? போனான் இல்லையா, அது போதும். வெட்ட ஆளில்லாத எருது, கூடையில் மிச்சமிருந்த வாற்கோதுமையை நிதானமாகத் தின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வாசல்களில் தண்ணீர்ப் பானை இருந்தது. சாவில்லாத வீடுகளிலிருந்து சாவு வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்து கோக்கலேயின் தோள் வீங்கிப்போனது.

மறுநாள் காலையில் அரசனின் படைத்தலைவன் அக்ரோன் பத்து ஆட்களோடு வந்தான். வாட்டசாட்டமான மலைநாட்டுக்காரன். பெயரைக் கேட்டுக்கொண்டே மெலின்னாவின் வீட்டுக்குள் நுழைந்தான். தெருவே கூடிவிட்டது.

"எழுந்திரி. அரசர் ஆணை. சாகாதவனுக்கு ஒப்பாரி வச்சு பலியக் கெடுத்திருக்க."

"துக்க வீட்டுல முப்பது நாளு பொம்பளையத் தொடக் கூடாது. உங்க மலையிலயும் அதான சட்டம்?"

"இது துக்க வீடு இல்ல. வாசல்ல பானைய வச்சுட்டா துக்க வீடு ஆயிருமா? மொதல்ல அத ஒடைக்கிறேன், அப்புறம் ஒன்னப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தான். வாசலைத் தாண்டினான். குனிந்தான். பானையில் வலது கையை விட்டு நனைத்து, விரலை உதறி, நெற்றியில் தடவிக்கொண்டான்.

அம்மாவின் இடுப்பில் இருந்த நாளிலிருந்து செய்தது. கை கேட்குமா?

அக்ரோன் ஈரக் கையைப் பார்த்தான். அவனுடைய பத்து ஆட்களும் அதே கையைப் பார்த்தார்கள். அவன் காது மடல் சிவந்துபோனது.

உள்ளேயிருந்து மெலின்னா வாசல்படிக்கு வந்தாள். மொட்டையாக அறுத்த தலை, அழுது வீங்கிய கண். ஆனாலும் அவள் முகத்தில் இருந்தது சிரிப்புதான்.

"துக்கம் கேக்க வந்ததுக்குச் சந்தோசம் தம்பி," என்றாள். "பானைய ஒடைக்கணும்னீங்களே?"

அவன் உடைக்கவில்லை. பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முப்பது நாள் அவளை யாரும் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் வந்து கூட்டிப்போனார்கள். அரசனின் உப்பளத்தில் இரண்டு வருடம் வேலை செய்தாள். "எனக்குத் தெரியாத வேலையா குடுத்துட்டான்?" என்று போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். கால் புண்ணாகி, பார்வை கொஞ்சம் மங்கித் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு எழுபத்தொரு வயது வரை ஊரின் எல்லாக் குலவைக்கும் எல்லா ஒப்பாரிக்கும் அவள்தான். சூரை மீன் விலைக்கு அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை.

பட்டியலில் அந்த வார்த்தையை ஹிப்பாண்டரின் ஆட்கள் கடைசி வரை மாற்றவில்லை. மாற்றாவிட்டால் போகிறது. கோபுரத்தடியில் டோரியோனுக்கு மெலின்னா ஒரு கல் நட்டாள். எங்கள் ஊர்க் கல்லறைக் கல்லில் பெயரும் அப்பன் பெயரும்தான் இருக்கும். செத்தவனுக்குத்தானே கல், அதைத் தனியாக வேறு எழுதுவார்களா? கல் கொத்துகிறவனும் அதைத்தான் கேட்டான். எழுது என்றாள். பக்கத்தில் நின்று, அவன் கொத்திய ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்து வாங்கினாள்.

இன்றைக்கும் அந்தக் கல் நிற்கிறது: டோரியோன், செத்தான்.